கலப்பு மின்தேக்கி

கலப்பு மின்தேக்கி என்பது மின்கலத்தின் வேதியியல் முறையையும் மீமின்தேக்கியின் நிலைமின் முறையையும் இணைத்து மின்னாற்றலைச் சேமிக்கும் கருவி ஆகும். இதனை ஹைப்ரிட் கெப்பாசிட்டர் என்றும் அழைப்பர். மின்கலம் மிகுந்த ஆற்றலைச் சேமிக்கும். ஆனால் அதனை விரைந்து ஏற்கவோ தரவோ இயலாது. மீமின்தேக்கி சில நொடிகளில் ஆற்றலை ஏற்றுத் திருப்பித் தரும். ஆனால் அது சேமிக்கும் அளவு குறைவு. இவ்விரு குணங்களையும் ஒரே கலத்திலோ ஒரே அமைப்பிலோ ஓரளவு பெறுவதே கலப்பு மின்தேக்கியின் நோக்கம் ஆகும்.

தானுந்துகள், பேருந்துகள், காற்றாலைகள், சூரிய மின்னமைப்புகள், தடையில்லா மின்வழங்கிகள் ஆகியவற்றில் இவ்வகைக் கருவிகள் பயன்படுகின்றன. இவை மின்கலங்களுக்கு முழு மாற்று அல்ல. எந்த இடத்தில் இவை பயன்தரும், எந்த இடத்தில் பயன்தரா என்பதை எளிய கணக்குகள் மூலம் அறியலாம். அத்தகைய இரு கணக்குகள் தருமபுரி மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையின் பிற்பகுதியில் தரப்பட்டுள்ளன.

== சொற்கள் ==

இக்கட்டுரையில் பின்வரும் சொற்கள் பின்வரும் பொருள்களில் ஆளப்படுகின்றன.

* மின்கலம்: வேதிவினை மூலம் மின்னாற்றலைத் தரும் ஒற்றைக் கலம். பல கலங்கள் சேர்ந்தது மின்கல அடுக்கு. பேச்சுவழக்கில் இரண்டையும் பேட்டரி என்பர்.
* மீமின்தேக்கி: சூப்பர் கெப்பாசிட்டர், அல்ட்ரா கெப்பாசிட்டர் என்னும் பெயர்களில் விற்கப்படும் உயர் தேக்குதிறன் கொண்ட மின்தேக்கி.
* ஆற்றல் அடர்த்தி: ஒரு கிலோகிராம் எடையுள்ள கருவி சேமிக்கும் ஆற்றல். வாட்-மணி/கிகி என்னும் அலகால் குறிக்கப்படும்.
* திறன் அடர்த்தி: ஒரு கிலோகிராம் எடையுள்ள கருவி ஒரு நேரத்தில் தரக்கூடிய திறன். வாட்/கிகி என்னும் அலகால் குறிக்கப்படும்.
* மின்பகுளி: இரு மின்வாய்களுக்கும் இடையே அயனிகள் நகர்வதற்கு இடந்தரும் நீர்மம்.

ஆற்றலுக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தண்ணீர்த் தொட்டியைக் கொண்டு விளக்கலாம். தொட்டியின் கொள்ளளவு ஆற்றலுக்கு ஒப்பானது. அதன் அடியில் உள்ள குழாயின் அகலம் திறனுக்கு ஒப்பானது. மின்கலம் என்பது சிறிய குழாய் பொருத்திய பெரிய தொட்டி. மீமின்தேக்கி என்பது வாய் அகன்ற குடம்.

== மின்கலமும் மீமின்தேக்கியும் ==

மின்கலத்தில் ஆற்றல் வேதிப்பொருளின் மாற்றத்தில் அடங்கியுள்ளது. ஈய-அமில மின்கலம் மின்னிறக்கம் பெறும்போது, நேர்மின்வாயில் உள்ள ஈய ஈராக்சைடும் எதிர்மின்வாயில் உள்ள ஈயமும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன. மின்னேற்றம் செய்யும்போது இம்மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்கிறது. இலித்தியம்-அயனி மின்கலத்தில் இலித்தியம் அயனிகள் மின்வாய்ப் பொருளின் உட்புறம் புகுந்து வெளியேறுகின்றன. இரண்டிலும் பொருளின் உட்பகுதியே வினையில் பங்கேற்பதால் மிகுந்த ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ஆனால் வினைக்கும் அயனிகளின் நகர்வுக்கும் நேரம் தேவைப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மின்வாய்ப் பொருள் விரிந்து சுருங்குவதாலும் பக்கவினைகளாலும் கலம் படிப்படியாகத் தேய்கிறது.

மீமின்தேக்கியில் வேதிவினை நிகழ்வதில்லை. எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட கிளர்வுற்ற கரியால் ஆன இரு மின்வாய்கள் மின்பகுளியில் அமிழ்ந்துள்ளன. மின்னழுத்தம் தரும்போது எதிரெதிர் மின்னேற்றம் கொண்ட அயனிகள் கரியின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதற்கு மின் இரட்டைப் படலம் என்று பெயர். இக்கருத்தை 1853 ஆம் ஆண்டில் எர்மான் எல்ம்கோல்ட்சு முன்வைத்தார். ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் துளைச்சுவர்கள் யாவற்றையும் விரித்தால் அதன் பரப்பு 1000 சதுர மீட்டருக்கும் மேல் இருக்கும். இப்பெரும் பரப்பும், அயனிக்கும் கரிக்கும் இடையே உள்ள மிகச் சிறிய இடைவெளியும் சேர்ந்தே ஆயிரக்கணக்கான பாரடு தேக்குதிறனைத் தருகின்றன. அயனிகள் ஒட்டுவதும் விலகுவதும் மட்டுமே நிகழ்வதால் மீமின்தேக்கி இலட்சக்கணக்கான சுற்றுகள் உழைக்கும்.

மின்தேக்கியில் சேமிக்கப்படும் ஆற்றல் பின்வரும் வாய்பாட்டால் பெறப்படும்.

ஆற்றல் = ½ × தேக்குதிறன் × (மின்னழுத்தம்)²

எடுத்துக்காட்டாக, 3000 பாரடு, 2.7 வோல்ட்டு கொண்ட ஒரு மீமின்தேக்கிக் கலம் ஏறத்தாழ 10,900 ஜூல், அதாவது சுமார் 3 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். இத்தகைய கலத்தின் எடை ஏறத்தாழ அரை கிலோகிராம். மடிக்கணினியில் பயன்படும் உருளை வடிவ இலித்தியம்-அயனி மின்கலம் ஒன்று 50 கிராமுக்கும் குறைவான எடையில் 10 வாட்-மணிக்கு மேல் சேமிக்கும். மீமின்தேக்கி ஏன் தனியாக ஒரு வாகனத்தை நெடுந்தூரம் ஓட்ட இயலாது என்பது இதிலிருந்து விளங்கும்.

இவ்வாய்பாட்டில் மின்னழுத்தம் இருபடியாக வருவது கவனிக்கத்தக்கது. மின்னழுத்தம் பாதியாகக் குறையும்போது கலத்தில் இருந்த ஆற்றலில் 75 விழுக்காடு வெளியேறியிருக்கும். எனவே நடைமுறையில் மீமின்தேக்கியைப் பாதி மின்னழுத்தம் வரை மட்டுமே பயன்படுத்துவர்.

== இணைக்கும் முறைகள் ==

மின்கலத்தையும் மீமின்தேக்கியையும் இணைப்பதற்கு இரு வழிகள் உள்ளன.

=== புறக்கலப்பு ===

தனித்தனியாக உள்ள மின்கல அடுக்கையும் மீமின்தேக்கி அடுக்கையும் மின்சுற்றால் இணைப்பது புறக்கலப்பு ஆகும். இரண்டையும் நேரடியாகப் பக்க இணைப்பில் இணைப்பது மிக எளிய முறை. அப்போது திடீர்ச் சுமையின் பெரும்பகுதியை, அகத்தடை குறைந்த மீமின்தேக்கியே ஏற்கும். எடுத்துக்காட்டாக, மின்கல அடுக்கின் அகத்தடை 50 மில்லி ஓம் என்றும் மீமின்தேக்கி அடுக்கின் அகத்தடை 5 மில்லி ஓம் என்றும் கொள்வோம். திடீரென 110 ஆம்பியர் தேவைப்படின், முதல் கணத்தில் மீமின்தேக்கி 100 ஆம்பியரும் மின்கலம் 10 ஆம்பியரும் தரும். பின்னர் மீமின்தேக்கியின் மின்னழுத்தம் குறையக் குறைய மின்கலத்தின் பங்கு உயரும்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. மின்கலத்தின் மின்னழுத்தம் அதிகம் மாறுவதில்லை. அதனுடன் கட்டப்பட்ட மீமின்தேக்கியின் மின்னழுத்தமும் அதே சிறிய எல்லைக்குள் அடைபட்டுவிடுவதால், அதன் ஆற்றலில் சிறுபகுதியே பயன்படும். இதனைத் தவிர்க்க இரண்டிற்கும் இடையே ஒரு நேர்மின் மாற்றி பொருத்தப்படுகிறது. எந்த நேரத்தில் எதிலிருந்து எவ்வளவு எடுப்பது என்பதை ஒரு நுண்கட்டுப்படுத்தியில் உள்ள மென்பொருள் முடிவு செய்யும். சுமையின் மெதுவாக மாறும் பகுதியை மின்கலத்திற்கும் விரைவாக மாறும் பகுதியை மீமின்தேக்கிக்கும் பிரித்துத் தருவது இதில் பரவலாகப் பயன்படும் உத்தி.

=== அகக்கலப்பு ===

ஒரே கலத்திற்குள் மின்கல மின்வாயையும் மின்தேக்கி மின்வாயையும் அமைப்பது அகக்கலப்பு ஆகும். கலப்பு மின்தேக்கி என்னும் பெயர் பெரும்பாலும் இதனையே குறிக்கும். இதில் ஒரு மின்வாயில் வேதிவினையும் மற்றொன்றில் அயனி ஒட்டுதலும் நிகழ்கின்றன. இருபுறமும் வேறுபட்டிருப்பதால் இதற்குச் சமச்சீரற்ற மின்தேக்கி என்ற பெயரும் உண்டு.

இதனால் கிடைக்கும் நன்மை இரண்டு.

முதலாவது, தேக்குதிறன் உயர்வு. சாதாரண மீமின்தேக்கியில் இரு கரி மின்வாய்களும் தொடரிணைப்பில் உள்ள இரு மின்தேக்கிகளாகச் செயல்படுகின்றன. தொடரிணைப்பில் இரு சம மின்தேக்கிகளின் மொத்தத் தேக்குதிறன் ஒன்றின் பாதியே ஆகும். ஒரு கரி மின்வாய்க்குப் பதிலாக மின்கல மின்வாயை வைத்தால், அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கும். அதாவது அது மிகப் பெரிய மின்தேக்கி போல நடந்துகொள்ளும். ஆகவே கலத்தின் தேக்குதிறன் எஞ்சிய கரி மின்வாயின் முழுத் தேக்குதிறனுக்கு அருகில் வரும்.

இரண்டாவது, மின்னழுத்த உயர்வு. நீரைக் கரைப்பானாகக் கொண்ட கரி மீமின்தேக்கிகள், நீர் சிதைவதைத் தவிர்க்கப் பொதுவாக 1 வோல்ட்டு அளவில் இயக்கப்படுகின்றன. ஈய ஈராக்சைடு மின்வாயைச் சேர்த்தால் இது ஏறத்தாழ 2 வோல்ட்டாக உயர்கிறது. ஆற்றல் மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்ததால் இவ்வுயர்வு பெரிதும் பயனளிக்கிறது.

== வகைகள் ==

=== ஈய-கரி கலப்பு மின்தேக்கி ===

ஈய-அமில மின்கலத்தின் நேர்மின்வாயை அப்படியே வைத்துக்கொண்டு, எதிர்மின்வாயாக இருந்த ஈயத்தை நீக்கிக் கிளர்வுற்ற கரியை அமைத்தால் இவ்வகை கிடைக்கிறது. மின்பகுளி கந்தக அமிலமே. மின்னேற்றத்தின்போது ஐதரசன் அயனிகள் கரியின் மேற்பரப்பில் சேர்கின்றன, மின்னிறக்கத்தின்போது விலகுகின்றன. எதிர்மின்வாயில் ஈயம் இல்லாததால் அங்கு ஈய சல்பேட்டுப் படிவதில்லை.

=== அல்ட்ராபேட்டரி ===

இதனை ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கியது. இதில் ஈயம் முற்றாக நீக்கப்படுவதில்லை. எதிர்மின்வாயில் ஈயமும் கரியும் பக்க இணைப்பில் சேர்ந்தே உள்ளன. விரைவான மின்னோட்டங்களைக் கரிப்பகுதி ஏற்றுக்கொள்வதால் ஈயப்பகுதியின் சுமை குறைகிறது.

சாதாரண ஈய-அமில மின்கலம் நெடுநாள் அரைகுறை மின்னேற்றத்தில் இருந்தால் எதிர்மின்வாயில் ஈய சல்பேட்டுப் படிகங்கள் பெரிதாக வளர்ந்து மீண்டும் கரையாமல் தங்கிவிடும். இதற்குச் சல்பேட்டேற்றம் என்று பெயர். சூரிய மின்னமைப்புகளிலும் கலப்பின வாகனங்களிலும் ஈய-அமில மின்கலங்கள் விரைவில் பழுதாவதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. அல்ட்ராபேட்டரியின் வடிவமைப்பு இக்குறையையே இலக்காகக் கொண்டது.

=== இலித்தியம்-அயனி மின்தேக்கி ===

இதன் நேர்மின்வாய் கிளர்வுற்ற கரி. எதிர்மின்வாய் இலித்தியம் அயனிகள் முன்கூட்டியே புகுத்தப்பட்ட கிராபைட்டு அல்லது வேறு கரிப்பொருள். கலத்தின் இயங்கு மின்னழுத்தம் பொதுவாக 2.2 முதல் 3.8 வோல்ட்டு வரை. சாதாரண மீமின்தேக்கியை முழுவதும் இறக்கி 0 வோல்ட்டில் வைக்கலாம். இதனை அவ்வாறு இறக்கினால் எதிர்மின்வாய் கெட்டுவிடும். எனவே காப்புச் சுற்று இன்றியமையாதது. கிராபைட்டுக்குப் பதிலாக இலித்தியம் டைட்டனேட்டைப் பயன்படுத்தும் கலங்களும் உண்டு.

=== பிற வகைகள் ===

நிக்கல் ஐதராக்சைடு-கரி, மாங்கனீசு ஈராக்சைடு-கரி ஆகிய இணைகளும் ஆராயப்பட்டுள்ளன. இலித்தியத்திற்குப் பதிலாகச் சோடியம், துத்தநாகம் ஆகியவற்றின் அயனிகளைப் பயன்படுத்தும் கலங்கள் ஆய்வில் உள்ளன.

ருத்தேனியம் ஆக்சைடு போன்ற பொருள்களில் வேதிவினை நிகழ்ந்தாலும் அவை மின்தேக்கியைப் போலவே நடந்துகொள்ளும். இவை போலி மின்தேக்கிகள் எனப்படும். இவற்றையும் கலப்பு மின்தேக்கிகளையும் குழப்பிக்கொள்ளலாகாது.

== ஒப்பீடு ==

கீழுள்ள எண்கள் தோராயமானவை. வடிவமைப்பையும் பயன்படுத்தும் முறையையும் பொறுத்து மாறக்கூடியவை.

| கருவி | ஆற்றல் அடர்த்தி (வாட்-மணி/கிகி) | கல மின்னழுத்தம் (வோல்ட்டு) | ஆயுள் (சுற்றுகள்) |
|---|---|---|---|
| ஈய-அமில மின்கலம் | 30 – 40 | 2.0 | சில நூறு முதல் 1000 வரை |
| இலித்தியம்-அயனி மின்கலம் | 100 – 250 | 3.2 – 3.7 | 500 முதல் சில ஆயிரம் வரை |
| இலித்தியம்-அயனி மின்தேக்கி | 10 – 15 | 2.2 – 3.8 | இலட்சத்திற்கு மேல் |
| மீமின்தேக்கி | 5 – 8 | 0 – 2.7 | 5 இலட்சத்திற்கு மேல் |

ஆற்றல் அடர்த்தியை ஓர் அச்சிலும் திறன் அடர்த்தியை மற்றோர் அச்சிலும் குறித்து இத்தகைய கருவிகளை ஒப்பிடும் வரைபடம் ரகோனி வரைபடம் எனப்படும். 1968 ஆம் ஆண்டில் இதனைப் பயன்படுத்திய டேவிட் ரகோனியின் பெயரால் இது வழங்குகிறது. அதில் கலப்பு மின்தேக்கிகள் மின்கலத்திற்கும் மீமின்தேக்கிக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைகின்றன.

== வரலாறு ==

மின்னைச் சேமிக்கும் இவ்விரு வழிகளும் தனித்தனியே வளர்ந்தவை. முதல் மின்தேக்கியான இலெய்டன் சாடி 1745–1746 ஆம் ஆண்டுகளில் உருவானது. வோல்ட்டாவின் மின்னடுக்கு 1800 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டில் பிரான்சின் காசுட்டன் பிளாண்டே உருவாக்கினார்.

நுண்துளைக் கரியைக் கொண்ட மின்தேக்கிக்கான காப்புரிமை 1957 ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஓவர்டு பெக்கருக்கு வழங்கப்பட்டது. 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சோகையோ எண்ணெய் நிறுவனத்தினர் இத்தகைய கருவியை மேம்படுத்தினர். அவர்களிடம் உரிமம் பெற்ற ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் பெயரில் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கணினி நினைவகங்களுக்குத் துணை மின்வழங்கியாக அது பயன்பட்டது. கனடா நாட்டு வேதியியலாளர் பிரையன் கான்வே இத்துறையின் அறிவியல் அடிப்படைகளைத் தொகுத்து 1999 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

2001 ஆம் ஆண்டில் கிளென் அமட்டூச்சி குழுவினர் இலித்தியம் டைட்டனேட்டையும் கிளர்வுற்ற கரியையும் மின்வாய்களாகக் கொண்ட கலத்தை விவரித்துக் கட்டுரை வெளியிட்டனர். நீரற்ற மின்பகுளியில் அமைந்த கலப்பு மின்தேக்கிகளின் வளர்ச்சிக்கு அது தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2000களின் பிற்பகுதியில் ஜப்பானில் இலித்தியம்-அயனி மின்தேக்கிகள் வணிக உற்பத்திக்கு வந்தன.

அல்ட்ராபேட்டரி பொருத்தப்பட்ட ஓண்டா இன்சைட்டு கலப்பின மகிழுந்து இங்கிலாந்தின் மில்புரூக் சோதனைத் தடத்தில் 1 இலட்சம் மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர் ஓடி 2008 ஆம் ஆண்டு ஜனவரியில் சோதனையை நிறைவு செய்தது.

== பயன்பாடுகள் ==

* தானுந்துகள்: 2012 ஆம் ஆண்டில் மாசுடா நிறுவனம் அறிமுகப்படுத்திய ஐ-ஈலூப் அமைப்பில், வேகம் குறையும்போது கிடைக்கும் ஆற்றல் முதலில் மீமின்தேக்கியில் சேர்ந்து, பின்னர் வண்டியின் மின்கருவிகளுக்கும் ஈய-அமில மின்கலத்திற்கும் செல்கிறது. இது புறக்கலப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.
* பேருந்துகள்: 2006 ஆம் ஆண்டு முதல் சீனாவின் சாங்காய் நகரில், நிறுத்தங்களில் மின்னேற்றம் பெறும் மீமின்தேக்கிப் பேருந்துகள் இயக்கப்பட்டன.
* மின்வலை: அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திட்டம் ஒன்றில், 500 கிலோவாட்டு சூரிய மின்னிலையத்தின் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்ய அல்ட்ராபேட்டரிகள் பயன்படுத்தப்பட்டன. மேகம் கடக்கும்போது சில நொடிகளில் உற்பத்தி சரிவதை இவை ஈடுசெய்தன.
* காற்றாலைகள்: மின்வலை துண்டிக்கப்படும்போது இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்த மீமின்தேக்கிகள் உதவுகின்றன. உயரமான கோபுரத்தின் உச்சியில் மின்கலங்களை அடிக்கடி மாற்றுவது கடினம் என்பதே இதற்குக் காரணம்.

== தருமபுரிச் சூழலில் இரு கணக்குகள் ==

தருமபுரி மாவட்டம் 1965 ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மலைச்சாலைகளும் எளிதில் சென்றடைய முடியாத மலையூர்களும் கொண்ட மாவட்டம் இது. ஆற்றல் தேக்கிகளின் இரு வேறு தேவைகளை இங்கு அருகருகே காணலாம். கீழுள்ள கணக்குகள் விளக்கத்திற்காக எளிமையாக்கப்பட்டவை. இழப்புகள் கணக்கில் கொள்ளப்படவில்லை.

=== தொப்பூர்க் கணவாய்: தடுப்பாற்றல் ===

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாய் வழியே கீழிறங்குகிறது. சரக்குந்து விபத்துகளுக்காக இவ்விடம் பலமுறை செய்திகளில் இடம்பெற்றுள்ளது. நீண்ட இறக்கத்தில் தடுப்பை விடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பது இத்தகைய சாலைகளின் பொதுவான இடர். மின்னோடியை மின்னாக்கியாக இயக்கி வேகத்தைக் குறைத்தால், வெப்பமாக வீணாகும் ஆற்றலைச் சேமிக்கலாம். இது மீட்புத் தடுப்பு எனப்படும்.

10 டன் எடையுள்ள மின்சரக்குந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் 98 இலட்சம் ஜூல், அதாவது சுமார் 2.7 கிலோவாட்-மணி. சரிவு 3 விழுக்காடு, வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனக் கொண்டால் இதற்கு 5 நிமிடங்கள் ஆகும். சராசரித் திறன் சுமார் 33 கிலோவாட்டு. வண்டியில் 30 கிலோவாட்-மணி அல்லது அதற்கு மேற்பட்ட இலித்தியம்-அயனி அடுக்கு இருந்தால், அது முழுவதும் நிரம்பியிராதவரை, இதனை அதுவே ஏற்றுக்கொள்ளும். இவ்வாற்றலை மீமின்தேக்கியில் மட்டும் சேமிக்க முனைந்தால், முன்னர்க் கூறிய 3000 பாரடு கலங்கள் ஏறத்தாழ 1200 தேவைப்படும். எடை சுமார் 600 கிலோகிராம். ஆகவே நீண்ட இறக்கம் மின்கலத்தின் வேலை.

அதே வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது 10 நொடிகளில் நிற்க நேர்ந்தால் நிலைமை வேறு. விடுபடும் ஆற்றல் சுமார் 0.39 கிலோவாட்-மணி மட்டுமே. ஆனால் சராசரித் திறன் சுமார் 139 கிலோவாட்டு. இதனை 30 கிலோவாட்-மணி அடுக்கு ஒன்று அடிக்கடி ஏற்பின் அதன் ஆயுள் குறையும். இதற்கு மேற்கண்ட மீமின்தேக்கிக் கலங்கள் ஏறத்தாழ 170 போதும். எடை 85 கிலோகிராம் அளவில் இருக்கும். இலித்தியம்-அயனி மின்தேக்கியாயின், ஆற்றல் அளவை மட்டும் கருதினால் சுமார் 32 கிலோகிராம் போதும். ஆகவே குறுகிய நேரப் பேரளவு திறன் கலப்பு மின்தேக்கியின் வேலை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மீட்புத் தடுப்பு, உராய்வுத் தடுப்புக்குத் துணையே அன்றி மாற்று அன்று. தேக்கி நிரம்பிவிட்டால் அதற்கு மேல் அது ஆற்றலை ஏற்காது.

=== மலையூர்த் தெருவிளக்கு: இரவாற்றல் ===

பென்னாகரம் வட்டத்தில் உள்ள கோட்டூர் மலைக்குத் தேர்தல் காலங்களில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் கொண்டு செல்லப்பட்டது செய்திகளில் வந்துள்ளது. இத்தகைய ஊர்களில் சூரியத் தெருவிளக்கின் மின்கலம் பழுதானால் புதியதைச் சுமந்து ஏற வேண்டும். பழையதைச் சுமந்து இறக்கவும் வேண்டும். எனவே விலையைவிட ஆயுளே இங்கு முதன்மை பெறுகிறது.

12 வாட்டு ஒளியுமிழ் இருமுனைய விளக்கு இரவில் 10 மணி நேரம் எரிய 120 வாட்-மணி தேவை. இதற்கு வேண்டிய தேக்கியின் எடை பின்வருமாறு அமையும்.

* மீமின்தேக்கி (பாதி மின்னழுத்தம் வரை): சுமார் 27 கிகி
* இலித்தியம்-அயனி மின்தேக்கி: சுமார் 10 கிகி
* ஈய-அமிலம் (பாதி அளவு மட்டும் பயன்படுத்தினால்): சுமார் 7 கிகி
* இலித்தியம் இரும்புப் பாசுபேட்டு மின்கலம்: சுமார் 1.3 கிகி

பத்தாண்டுகளில் ஏறத்தாழ 3650 சுற்றுகள் நிகழும். ஈய-அமிலத்தை இதற்குள் பலமுறை மாற்ற நேரிடும். மீமின்தேக்கியின் இலட்சக்கணக்கான சுற்றுகள் இங்குத் தேவைக்கு மிக அதிகம். நாளொன்றுக்கு ஒரு சுற்று மட்டுமே நிகழும் இடத்தில் அச்சிறப்பு வீணாகிறது. ஆகவே இப்பணிக்கு இலித்தியம் இரும்புப் பாசுபேட்டே பொருத்தமானது. ஈய வகையையே பயன்படுத்த வேண்டுமெனில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல நாள்கள் அரைகுறை மின்னேற்றத்தில் கிடக்கும் நிலையைத் தாங்கக்கூடிய அல்ட்ராபேட்டரி போன்ற ஈய-கரி வகை சாதாரண ஈய-அமிலத்தைவிட ஏற்றது.

இவ்விரு கணக்குகளிலிருந்தும் ஒரு பொது விதியைப் பெறலாம். தேவை நொடிகளில் எனில் மீமின்தேக்கியும் கலப்பு மின்தேக்கியும் பொருந்தும். தேவை மணிகளில் எனில் மின்கலமே பொருந்தும். இரண்டும் கலந்து வரும் இடத்தில் புறக்கலப்பு பொருந்தும்.

== இந்தியாவில் ==

தமிழ்நாட்டில் மின்வேதியியல் ஆய்வின் மையமாக விளங்குவது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் ஆகும். வள்ளல் அழகப்பச் செட்டியார் இதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று சர்வபள்ளி இராதாகிருட்டிணன் இதனைத் திறந்துவைத்தார். மின்கலங்கள், மின்தேக்கிகள், அரிமானத் தடுப்பு முதலிய துறைகளில் இங்கு ஆய்வுகள் நடைபெறுகின்றன.

இந்நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றிய அசோக் குமார் சுக்லா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தம் குழுவினருடன் ஈய-கரி கலப்பு மின்தேக்கிகளை உருவாக்கினார். மின்வாயைத் தாங்கும் ஈயத் தகட்டின் மேற்பரப்பையே ஈய ஈராக்சைடாக மாற்றி அதனை நேர்மின்வாயாகப் பயன்படுத்தியது இவ்வாய்வின் சிறப்பு. இதனால் தனியே பசைப்பொருள் பூசும் தேவை இல்லை.

காரைக்குடி நிறுவனம் உருவாக்கிய இலித்தியம்-அயனி மின்கலத் தொழில்நுட்பத்தை ராசி சோலார் பவர் நிறுவனத்திற்கு வழங்கும் ஒப்பந்தம் 2018 ஆம் ஆண்டு ஜூனில் கையெழுத்தானது. இதற்கான ஆலை கிருட்டிணகிரி மாவட்டத்தில் அமையும் என அப்போது அறிவிக்கப்பட்டது. கிருட்டிணகிரி 2004 ஆம் ஆண்டு பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பின்னர் அம்மாவட்டத்தின் ஓசூரில் ஏதர் நிறுவனமும் போச்சம்பள்ளி அருகே ஓலா நிறுவனமும் மின் இருசக்கர வண்டி ஆலைகளை நிறுவின. இவ்வண்டிகள் இலித்தியம்-அயனி மின்கல அடுக்குகளைக் கொண்டவை.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு, கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் 2024 ஆம் ஆண்டில் கண்ணூரில் மீமின்தேக்கி உற்பத்தி மையத்தைத் தொடங்கியது.

== குறைகளும் பாதுகாப்பும் ==

* விலை: சேமிக்கும் ஒவ்வொரு வாட்-மணிக்கும் ஆகும் செலவு மின்கலத்தைவிடப் பன்மடங்கு மிகுதி.
* மின்னழுத்த மாற்றம்: மின்னிறக்கத்தின்போது மின்னழுத்தம் தொடர்ந்து குறைவதால் மாற்றிச் சுற்று தேவைப்படுகிறது.
* தன்மின்னிறக்கம்: பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மீமின்தேக்கிகள் மின்கலங்களைவிட விரைவாக ஆற்றலை இழக்கும். இலித்தியம்-அயனி மின்தேக்கிகளில் இக்குறை குறைவு.
* சமநிலை: தொடரிணைப்பில் உள்ள கலங்களில் ஒன்று மட்டும் மிகை மின்னழுத்தம் பெறாதவாறு சமன்செய்யும் சுற்று தேவை.
* ஈய நச்சு: ஈய வகைகளை முறையாக மீள்சுழற்சி செய்யாவிடில் மண்ணும் நீரும் நஞ்சாகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய மின்கலங்களை வீட்டருகே உடைத்து உருக்குதல் கூடாது.
* தீ: இலித்தியம்-அயனி மின்தேக்கியின் நேர்மின்வாயில் ஆக்சிசன் வெளியிடும் உலோக ஆக்சைடு இல்லாததால் வெப்பப் பெருக்க இடர் குறைவு. எனினும் அதன் கரிம மின்பகுளி எரியக்கூடியது.
* குறுக்குச் சுற்று: அகத்தடை மிகக் குறைவாதலால் முனைகளை உலோகத்தால் இணைத்தால் பேரளவு மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறியும் தீக்காயமும் ஏற்படும்.

சில நிமிடங்களில் மின்னேற்றம் ஆகும் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவிகளில், அது எத்தனை வாட்-மணி சேமிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறிய குடம் விரைவில் நிரம்புவது வியப்பன்று.

== இவற்றையும் பார்க்கவும் ==

* மின்தேக்கி
* மின்கலம்
* ஈய-அமில மின்கலம்
* இலித்தியம்-அயனி மின்கலம்
* மீட்புத் தடுப்பு
* மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்
* தருமபுரி மாவட்டம்